அனுமதி கேட்டுச் செல்லும் கடல்

இராமேசுவரத்துக்குக் குடும்பத்தோடு யாத்திரை போகிறவர்களில், கோயிலுக்கும் தனுஷ்கோடிக்கும் ஒதுக்கிய பொழுது போக மிஞ்சியிருக்கும் ஒரு நாளில் மன்னார் வளைகுடாத் தீவுகளுள் ஒன்றையாவது பார்த்துவிட்டு வரவேண்டும் என்று விரும்புகிறவர்களின் தொகை அண்மைக் காலத்தில் பெருகி வருகிறது. அப்பத்தாவுக்குத் தீர்த்தமாடிய திருப்தி, பேரப்பிள்ளைகளுக்குப் பவளப் பூச்சியைக் கண்ட மகிழ்ச்சி என்று இரண்டு பிரயோஜனமும் ஒரே பயணத்தில் கைகூடுமானால் அதை வேண்டாம் என்பவர் யார்? ஆனால் பாம்பனுக்குத் தெற்கே குந்துகால் துறையை அடைந்து, குருசடைத் தீவுக்குப் போகும் படகைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான், காற்று இடங்கொடுக்க வேண்டும், வனத்துறை இசைய வேண்டும், குறித்த நேரத்துக்குள் கரை திரும்ப வேண்டும், தீவிலிருந்து ஒரு கிளிஞ்சலைக்கூட எடுத்துவரலாகாது என்னும் நிபந்தனைகள் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன. ஒரு கடலைப் பார்ப்பதற்கு இத்தனை கட்டுக்காவலா என்று சிலர் சலித்துக்கொள்வதும் உண்டு. அந்தச் சலிப்பு இயல்பானதே. எனினும், இந்த நீர்ப்பரப்பின் பூர்வ சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, நினைத்தவர் நினைத்தபோது இறங்கி நினைத்ததை எடுத்துக்கொள்ளும் கடலாக இது பெரும்பாலும் இருந்ததில்லை என்பதும், அவ்வாறு இருந்துவிட்ட ஒரு சிறு காலத்துக்காக அது கொடுத்த விலை பெரிது என்பதும் புலப்படும்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, கரைக்கு வெகு தொலைவில் இல்லாமல், ஏறக்குறைய 140 கிலோமீட்டர் நீளத்துக்கு 21 தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, மனோலிப்புட்டி, முயல் தீவு என்ற ஏழும் மண்டபத்தை அடுத்தவை. கீழக்கரைக்கு எதிரே ஏழும், வேம்பாற்றை ஒட்டி மூன்றும், தூத்துக்குடியை ஒட்டி நான்கும் உள்ளவை. இவற்றுள் பெரியதாகிய முயல் தீவே ஏறத்தாழ 130 ஹெக்டேர்தான். தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகளும், அவற்றுக்கு அப்பால் கடற்புல் வெளிகளும், இன்னும் ஆழத்தில் முத்துச் சிப்பிகள் ஒட்டி வாழும் பார்களும் உள்ளன. நிலத்தவர் கண்ணுக்கு வெறும் நீராகத் தோன்றும் இந்தப் பரப்பில் இன்ன இடத்தில் இன்ன பார் இருக்கிறது என்பதைக் கரையிலுள்ள கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் அடையாளமாகக் கொண்டு கண்டறிந்து, பரம்பரை பரம்பரையாக மனத்திலேயே வரைபடம் தீட்டி வைத்திருந்தவர்கள் இக்கரை மக்கள்.

உலகம் இந்தக் கடலை முதலில் அறிந்தது முத்தினாலே. தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கை, இன்று கடல் பின்வாங்கிப் போனதால் சில மைல் உள்ளே ஒரு சிற்றூராக ஒடுங்கிக் கிடக்கிறது, ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், அங்கே முத்துக் குளிக்கும் தொழில் நடந்ததையும், அத்தொழிலில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதையும் குறித்து வைத்திருக்கிறது. அதாவது, நம் சரித்திரத்தில் இந்தக் கடல் தோன்றும்போதே அரசனுடைய ஆணைக்கு உட்பட்ட கடலாகத்தான் தோன்றுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ இன்னும் விரிவாகச் சொல்லுகிறார். கிடைத்ததில் பத்திலொரு பங்கு அரசனுக்கு. இருபதிலொரு பங்கு, சுறா முதலிய பெருமீன்களின் வாயை மந்திரத்தால் கட்டிவைக்கும் அந்தணருக்கு. அம்மந்திரத்தின் கட்டுப் பகற்பொழுதுக்கு மட்டுமே செல்லும் என்றும், மாலையில் அதை அவிழ்த்துவிடுவார்கள் என்றும், ஆகவே இரவில் மீன்கள் தம் விருப்பம்போல் தீங்கு செய்யலாம் என்றும் அவர் எழுதுகிறார். மந்திரத்தின் மெய்ம்மையை ஆராய்வது நம் நோக்கமன்று; இருளில் களவாக இறங்க நினைப்பவனுக்குக் காவற்படகு எதுவும் இல்லாத அக்காலத்தில், இந்த நம்பிக்கையை விடச் சிறந்த காவல் வேறு எது இருந்திருக்க முடியும் என்பதே கருதத்தக்கது.

பின்னர் போர்த்துக்கீசியர் வந்தனர். அவர்களோடு நேர்ந்த உடன்பாட்டின் பயனாக 1530களில் இக்கரை மீனவராகிய பரதவர் கத்தோலிக்க சமயம் தழுவினர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. கடைசியில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஆட்சிகள் மாறினாலும், முத்துச் சலாபம் என்னும் முத்துக் குளிப்பை நடத்தும் முறையின் அடிப்படை மாறவில்லை. முதலில் அதிகாரிகள் பார்களைப் பரிசோதிப்பார்கள். மாதிரிக்காகச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, அகப்பட்ட முத்துகளை விலை மதிப்பிடச் செய்வார்கள். சிப்பிகள் முதிரவில்லை என்றோ மதிப்புப் போதாது என்றோ தெரிந்தால் அவ்வாண்டு சலாபம் கிடையாது. இவ்வாறு தொடர்ந்து பல ஆண்டுகள் ஒன்றுமே நடவாமல் கடந்துவிடுவதும் சாதாரணம். கருவூலத்தின் மீதுள்ள கரிசனத்தால் பிறந்த கட்டுப்பாடுதான் இது, சிப்பியின் மீதுள்ள காருண்யத்தால் பிறந்ததன்று. ஆயினும், காத்திருக்கத் தெரியாதவனுக்கு இந்தக் கடல் ஒன்றும் தராது என்னும் பாடத்தை அது கற்பித்தே வந்தது.

சலாபம் உண்டு என்று அறிவிப்பு வந்துவிட்டால், மணலைத் தவிர வேறொன்றும் இல்லாத கடற்கரையில் சில நாட்களுக்குள் ஓலைக்கொட்டகைகளால் ஒரு நகரமே எழும். நள்ளிரவுக்குப் பின் வீசும் கரைக்காற்றைப் பிடித்துக்கொண்டு வள்ளங்கள் கூட்டமாகப் புறப்பட்டுச் சூரியோதயத்தில் பாரை அடையும். காலால் ஒரு கல்லைப் பற்றிக்கொண்டு, மேலே கயிற்றைப் பிடித்து நிற்பவனுடைய நிதானத்தை நம்பி மூழ்கும் குளியாள், மூச்சு உள்ள சிறு பொழுதுக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை இடுப்புக்கூடையில் சேர்த்துக்கொண்டு கயிற்றை அசைப்பான். நண்பகலில் நிறுத்தும்படி அடையாளம் காட்டப்படும். அதற்குள் கடற்காற்று எழுந்துவிடும். அதன் துணையால் எல்லா வள்ளங்களும் பிற்பகலில் கரை சேரும். கொண்டுவந்த சிப்பிகள் குவியல்களாகப் பிரிக்கப்பட்டு, ஆங்கிலேயர் காலத்து ஏற்பாட்டின்படி மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கும் மற்றவை அரசாங்கத்துக்கும் போய், அரசாங்கப் பங்கு ஏலம் விடப்படும். அன்றே போய் அன்றே திரும்புவது என்பது இந்தக் கடலில் உல்லாசப் பிரயாணிகள் வகுத்த திட்டமன்று. கரைக்காற்றும் கடற்காற்றும் வகுத்துக் கொடுத்த பழைய நியதி அது. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து நடந்த சலாபங்களே இக்கரையின் கடைசிப் பெரிய முத்துக் குளிப்புகள்.

முத்தைப் போலவே சங்குக்கும் கட்டளை இருந்தது. இங்கே குளித்தெடுத்த சங்குகள் கல்கத்தா வழியாக வங்காளம் சென்று, டாக்கா முதலிய இடங்களில் வளையல்களாக அறுக்கப்பட்டு, அந்நாட்டுச் சுமங்கலிகளின் கைகளை அலங்கரித்தன. சென்னை மாகாண மீன்துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றியே தனி நூல் எழுதியவர். குளித்து வந்த சங்குகள் அளவுகோலில் இட்டுச் சோதிக்கப்பட்டு, குறித்த விட்டத்துக்குச் சிறுத்தவை மீண்டும் கடலிலேயே விடப்பட்டன. வளையலுக்கு உதவாத சிறு சங்கு நாளை வளரட்டும் என்ற கணக்கு அது.

இனி, இக்கடலை நாடிவந்த மற்றொரு பெருங்கூட்டம் யாத்திரிகர்களுடையது. பாலம் வருமுன்னர் சேது யாத்திரை என்பது மாதக்கணக்கில் நடக்கும் காரியம். வடக்கேயிருந்து வருகிறவர்களுக்குத் தஞ்சையைக் கடந்ததுமே வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர்பெற்றது. சேதுவின் காவலர் என்ற பொருளிலேயே பட்டம் புனைந்த இராமநாதபுரத்துச் சேதுபதிகள் அவ்வழியைப் பாதுகாத்தனர். மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு ஓடத்தில் கடக்க வேண்டும். காற்று எதிராக இருந்தால் கரையிலேயே தங்கிவிட வேண்டும். வேறெந்த இடத்திலும் சமுத்திர ஸ்நானம் பருவ காலங்களில் மட்டுமே செய்யத்தக்கது என்று விதித்த சாஸ்திரகாரர்கள் சேதுவில் மட்டும் எந்நாளும் ஆகும் என்று விலக்கு அளித்தனர். ஆனால் அவ்விலக்கையும் சங்கற்பம், தானம், பிதிர்க்கடன் என்னும் முறைகளுக்குள் வைத்தே அளித்தனர். அங்கிருந்து யாத்திரிகர் எடுத்துச் சென்றது ஒரு பிடி மணல். அதுவும் பிரயாகைக்குக் கொண்டுபோய்க் கங்கையில் சேர்ப்பதற்காக. அதற்கு ஈடாகக் கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தியாகும். பெற்றதற்கு ஒன்று திருப்பித் தரவேண்டும் என்ற இந்தக் கொள்ளல் கொடுத்தலைக் காட்டிலும் கண்ணியமான ஒரு பிரயாண தர்மத்தை நாம் இன்னும் கண்டுபிடித்துவிடவில்லை.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் காட்சி மாறிவிட்டது. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகும் போட் மெயில் வழி அதே ஆண்டு ஏற்பட்டது. ஓடத்துக்குக் காத்திருந்த காலம் போயிற்று. ஆனால் காற்று தன் அதிகாரத்தை விட்டுக்கொடுத்துவிடவில்லை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவில் புகுந்த புயல் தனுஷ்கோடியை நிர்மூலமாக்கி, அவ்வூரை நோக்கிச் சென்றுகொண்டிருந்த பாம்பன் பாசஞ்சர் வண்டியையும் அதிலிருந்தவர்களையும் வாரிக்கொண்டு போயிற்று. இன்று அங்கே செல்லும் குழந்தைகள் ஆவலோடு ஓடிப்பார்க்கும் இடிந்த தேவாலயத்தின் சுவரை அருகே நின்று உற்று நோக்குவோர்க்கு வேறொரு சரித்திரமும் தெரியும். காரை உதிர்ந்த இடங்களில் தெரியும் கற்கள் மலைக்கற்கள் அல்ல; ஊசிமுனைத் துளைகளும், பூவிதழ்களைப் போல மையத்திலிருந்து விரியும் வரிகளும் அவற்றில் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு துளையும் ஒரு காலத்தில் ஓர் உயிர் குடியிருந்த அறை. அவை பவளப் பாறையில் வெட்டியெடுத்த கற்கள்.

பவளத்தை இவ்வாறு சிறிய அளவில் வீட்டுக்கும் சுண்ணாம்புக்கும் எடுத்து வந்த காலத்திலேயே, அதை ஆராயவும் அறிஞர்கள் வந்தனர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் இக்கடலின் முத்து, சங்கு, மற்றை உயிரினங்களைப் பற்றி எழுதியது 1890இல் வெளிவந்தது. அப்பதவிக்குப் பின்னர் வந்த கிரேவ்லி தம் சகாக்களோடு குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு 1927இல் அச்சாயிற்று. அதன்பின் தமிழகத்தில் விலங்கியல் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்குக் குருசடை ஒரு க்ஷேத்திரமாகவே ஆகிவிட்டது. கடல் வற்றும் வேளையில், மணல்மீது சுருள் சுருளாகக் கிடக்கும் புழுமண்ணை அடையாளம் கண்டு, அவ்விடத்தை மண்வெட்டியால் தோண்டினால், அயோடோபாரம் மருந்தின் நெடியோடு வெளிப்படும் மென்மையான மஞ்சள் நிறப் பிராணி ஒன்று, தொட்டால் அறுந்துபோகும். முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் நடுவே நிற்கும் உறவினன் என்று பாடப்புத்தகத்தில் படித்த பலனோகிளாசஸ் அதுதான் என்று ஆசிரியர் சொல்ல, மாணவர்கள் அதைக் கண்ணாடிக் குப்பியிலிட்டுக் கொண்டுபோவார்கள். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பெற்று, 1949 முதல் மண்டபத்திலேயே தலைமை இடம் கொண்டிருந்தது. அது கொச்சிக்கு மாறியது 1971இல். முத்துக்காகவும் புண்ணியத்துக்காகவும் வந்த கடலுக்கு அறிவுக்காக வரும் வழக்கம் இவ்வாறு ஏற்பட்டது. குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வருவது அதன் இளைய தம்பி.

ஆனால் ஆராய்ச்சி வளர்ந்த இதே காலத்தில்தான் இந்தக் கடலுக்குக் கேட்பாரற்ற காலமும் வாய்த்தது. பவளக்கல்லைத் தோணி தோணியாக வெட்டிக் கொண்டுவந்து, சுண்ணாம்புக் காளவாய்க்கும், கட்டடத்துக்கும், இரசாயனத் தொழிற்சாலைகளுக்கும் விற்கத் தொடங்கினார்கள். முத்துக்குப் பரிசோதனை உண்டு, சங்குக்கு அளவுகோல் உண்டு. பவளத்துக்கோ நெடுங்காலம் எந்த வரம்பும் உறுதியாக நின்றதில்லை. அது உயிர் என்றே பலர் எண்ணவில்லை. கல் என்றே எண்ணினர். அலையின் வேகத்தைத் தன்மேல் வாங்கித் தீவைக் காத்துநின்ற மதில் இவ்வாறு பெயர்க்கப்பட்டதன் விளைவாக மணல் அரிக்கப்பட்டு, தூத்துக்குடியை அடுத்த விலாங்குச்சல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கின. பள்ளிப் புத்தகத்தில் இன்றும் 21 என்று எண்ணப்படும் தீவுகளில் இரண்டு கடலுக்கு அடியில் இருக்கின்றன.

இந்தப் பின்னணியிலேதான் 1986இல் தமிழக அரசு 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் அதையும் உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஏற்பட்டது. 2001இல் பவளங்களும் கடல் அட்டைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மிகக் கடுமையான அட்டவணையில் இடம்பெற்றன. நூறு வகைக்கு மேற்பட்ட பவளங்களும், இக்கரையோர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவும், ஆமைகளும் உட்பட 3,600க்கு மேற்பட்ட உயிரினங்கள் இங்கே கணக்கிடப்பட்டிருக்கின்றன. பழைய அரசுகள் வருவாய்க்காகக் காத்த கடலை இப்போதைய அரசு அதனுடைய உயிர்களுக்காகவே காக்க முற்பட்டது என்பதில் ஐயமில்லை. சரித்திரத்தில் இது புதிய விஷயம்.

அந்தப் புதுமையின் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தீவுகளில் வலை உலர்த்தியும், கிணற்று நீர் பருகியும், புயலுக்கு ஒதுங்கியும் வந்த மீனவர், ஓர் அறிவிப்பினால் தம் பாட்டன் நடமாடிய இடத்தில் அத்துமீறியவர் ஆயினர். சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள் நெடுங்காலமாகத் தீவோரங்களில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டைக்கோரையும் பறித்துப் பிழைத்து வருகிறவர்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றி, சேலைமேல் ஒரு சட்டை அணிந்து, கண்ணாடியை முகத்தில் இறுக்கிக்கொண்டு, தோளில் பையோடு இடுப்பளவு நீரிலும் ஆளுயர நீரிலும் அவர்கள் பறிக்கும் பாசி, அகர் முதலிய கூழ்ப்பொருள்களாகி ஆய்வுக்கூடங்களுக்கும் தின்பண்டங்களுக்கும் போகிறது. பூங்கா ஏற்பட்ட பிறகு இவர்களுடைய தொழில் தடைக்கும் அச்சத்துக்கும் இடையே நடப்பதாயிற்று. அப்படியிருந்தும், பாசி மறுபடி தழைப்பதற்கு அவகாசம் வேண்டும் என்று கருதி, மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஆறு நாளும் பௌர்ணமியை ஒட்டி ஆறு நாளும் மட்டுமே இறங்குவது என்ற கட்டுப்பாட்டை இப்பெண்கள் தமக்குத்தாமே விதித்துக்கொண்டார்கள். முத்துச் சலாபத்தை நிறுத்தி வைக்க அதிகாரியின் கையொப்பம் தேவைப்பட்டது. இங்கே பசியோடு இருப்பவர்களே தம் கையை மடக்கிக்கொண்டார்கள். கட்டுப்பாட்டின் வரலாற்றில் இதற்கே முதலிடம் தரத் தகும்.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு ஒரு குடும்பம் தன் ஒரு நாள் பயணத்தைத் திட்டமிடுமானால், நிபந்தனைகள் தாமாகவே அர்த்தம் பெற்றுவிடும். வைகாசி, ஆனி முதல் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் தென்கடலாகிய வளைகுடா கொந்தளிக்கும். வாடை வீசும் மாதங்களில் வடகடலாகிய பாக் நீரிணை கலங்கித் தென்கடல் பெரும்பாலும் அடங்கும். ஆகவே தை, மாசி, பங்குனியே தீவுப் பயணத்துக்கு உசிதமான காலம். அப்போதும் காலைப் பொழுதே நல்லது. வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து நீரைக் கலக்கிவிடும், அடியிலுள்ளது தெரியாது. புறப்படுவதற்கு முதல் நாளே குந்துகாலில் படகு உண்டா என்று விசாரித்துக்கொள்வதும், இல்லை என்று சொல்லிவிட்டால் மனஸ்தாபப்படாமல் மண்டபத்து மீன் காட்சிச்சாலையையோ, 1897 ஜனவரி 26ஆம் தேதி மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தரைப் பாஸ்கர சேதுபதி வரவேற்ற நினைவாகக் குந்துகாலிலேயே எழுந்துள்ள மண்டபத்தையோ பார்த்துத் திரும்புவதும் அறிவுடைமை. குழந்தைகளுக்குத் தொப்பியும் குடிநீரும் எடுத்துக்கொள்ள வேண்டும். நெகிழிப் பையை எடுத்துக்கொள்ளலாகாது. பவளத்தின்மேல் கால் வைக்கக்கூடாது என்பதைக் கரையிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் பவளமும் உண்டு, ஒரு காலடி அதன் பல்லாண்டு உழைப்பை முறித்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளுத்துப்போன கடல் இது. நோயிலிருந்து எழுந்தவனைப் பார்க்கப் போகிறவன் போலத்தான் அங்கே போகவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படகோட்டியிடமும் உடன்வரும் வழிகாட்டியிடமும் பேச்சுக் கொடுக்க வேண்டும். அவர்களுள் பலர் இக்கரை மீனவக் குடும்பத்தினர். எந்தப் பாரில் எந்த மீன், எந்தக் காற்றில் எந்தத் துறை என்பதை எந்தப் பலகையும் எழுதிவைக்காத அளவுக்கு அறிந்தவர்கள். கட்டணச் சீட்டின் பணத்தில் ஒரு பகுதியேனும் அவ்வூர்களுக்குச் சேருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் பிரயாணியின் கடமைகளுள் ஒன்றே. பத்திலொரு பங்கு அரசனுக்கும் இருபதிலொரு பங்கு மந்திரக்காரருக்கும் கொடுத்துவிட்டே இக்கடலில் இறங்கினார்கள் முன்னோர்; ஒரு பிடி மணலுக்குக் கங்கை நீரைத் திருப்பிக் கொடுத்தார்கள் யாத்திரிகர்கள். ஒன்றையும் எடுக்காமல் கண்ணால் மட்டும் கண்டு திரும்பும் நாமும் கடனாளிகளே. அந்தக் கடனைப் பெறும் உரிமை, தமக்குரிய கடலில் மாதம் பன்னிரண்டு நாள் மட்டும் இறங்கச் சம்மதித்தவர்களுக்கு முதலில் உண்டு.